டிபரன்ஷியல் பூட்டு: தெரிதலும் பொருத்தலும்

தமிழ் ஆனர்ஸ் வகுப்பிற் பயில்வார்க்கும் மோட்டார் வண்டியின் அச்சுக்கும் யாது இயைபு என்று நண்பர் சிலர் வினவுதல் கூடும். இயந்திர நுட்பங்களைத் தமிழில் விளங்க உரைத்தல் அரிது என்பார் கூற்றை யாம் ஒப்புகிலோம். பட்டறையில் வழங்கும் சொற்களை நாணாது எடுத்துக்கொண்டு, எஞ்சியவற்றை எளிய தமிழால் உரைப்பின், எத்துணை நுண்ணிய பொருளும் கற்பார்க்குப் புலனாகும். அன்றியும் இப்பொருள் ஏட்டளவில் நிற்பதன்று. மலைத்தோட்டங்களிலும் காட்டுவழிகளிலும் மணல் நிறைந்த ஆற்றுப்படுகைகளிலும் வண்டி செலுத்துவோர்க்கு, அச்சினுள் ஒரு பூட்டு உண்டா இல்லையா என்பது, ஊர் போய்ச் சேர்வதா வழியிலே கிடப்பதா என்பதனை முடிவு செய்யும் செய்தியாகும். பெரும்பொருள் செலவிட்டுத் தகாத பூட்டைப் பொருத்திக்கொண்டு வருந்துவாரும் உளர்.

பூட்டின் இயல்பை அறியவேண்டின், பூட்டப்படுவது யாதென்பதை முதற்கண் அறிதல் வேண்டும். நம் மாட்டுவண்டியில் அச்சு சுழல்வதில்லை. அதன் இரு கடைகளிலும் சக்கரங்கள் தனித்தனியே சுழல்கின்றன. ஆதலின் வண்டி வளைந்து திரும்புங்கால் வெளிச்சக்கரம் மிகுதியாகவும் உட்சக்கரம் குறைவாகவும் உருள்வதற்குத் தடை யாதும் இல்லை. மோட்டார் வண்டியிலோ சக்கரத்தைச் சுழற்றுவதே அச்சின் தொழிலாகும். இரு சக்கரங்களுக்கும் இடையே ஒன்றரை மீட்டர் அகலமுடைய வண்டியொன்று, உட்சக்கரம் 5 மீட்டர் ஆரமுள்ள அரைவட்டத்தில் செல்லுமாறு திரும்புகின்றது எனக் கொள்வோம். உட்சக்கரம் செல்லும் தொலைவு ஏறத்தாழ 15.7 மீட்டர், வெளிச்சக்கரம் செல்வது 20.4 மீட்டர். இரண்டும் ஒரே தண்டில் இறுகப் பிணைக்கப்பட்டிருப்பின், இந்த 4.7 மீட்டர் வேறுபாட்டிற்கு யாதானும் ஒரு சக்கரம் தரையில் தேய்ந்து இழுபட்டே தீரவேண்டும். தாரிட்ட சாலையில் இத்தேய்வு டயரையும் தின்னும், அச்சையும் முறுக்கும்.

இவ்விடர்ப்பாட்டை நீக்கும் அமைப்பை நீராவி வண்டியின் பொருட்டு 1827 ஆம் ஆண்டிலே பிரெஞ்சு நாட்டுக் கடிகாரத் தொழில் வல்லுநர் ஒனெசிபோர் பெக்கர் என்பார் பதிவு செய்து உரிமை பெற்றார். அதுவே டிபரன்ஷியல். இதனை 'வேறுபாட்டுப் பல்லிணை' எனத் தமிழாக்கலாம்; ஆயினும் பட்டறையில் அச்சொல்லைக் கூறின் எவரும் திரும்பிப் பாரார். அங்கே 'கிரவுன்' என்றால் போதும். எஞ்சினிலிருந்து வரும் தண்டின் நுனியிலுள்ள பினியன், கிரவுன் சக்கரத்தைச் சுழற்றும். கிரவுன் சக்கரம் ஓர் இரும்புக் கூட்டோடு முடுக்கப்பட்டிருக்கும். அக்கூட்டினுள் ஸ்டார் பினியன்கள் என்னும் சிறு பற்சக்கரங்களும், அவற்றின் இருமருங்கும் சன் கியர் என்னும் இரு பற்சக்கரங்களும் உள்ளன. சன் கியர் ஒவ்வொன்றும் ஒவ்வோர் ஆக்சில் தண்டைச் சுழற்றும். நேர்வழியிற் செல்லுங்கால் கூடு முழுதும் ஒருசேரச் சுழலும். வளைவில் ஸ்டார் பினியன்கள் தம் அச்சிலே புரண்டு, ஒரு சக்கரம் இழந்த சுழற்சியை மற்றொன்றுக்கு ஈயும்.

வேகத்தைப் பகுத்தளிக்கும் இவ்வமைப்பு விசையை மட்டும் என்றும் சமமாகவே பகுக்கின்றது. குறையெல்லாம் இச்சமத்துவத்தினின்றே பிறக்கின்றது. ஒரு மேட்டை ஏற நூறு பங்கு முறுக்குவிசை வேண்டும் எனக் கொள்வோம். இடச்சக்கரம் சேற்றில் நிற்கின்றது. பத்துப் பங்குக்கு மேல் விசை வரின் அது வழுக்கிச் சுழலும். வலச்சக்கரம் உறுதியான பாறைமேல் நிற்கின்றது. ஆயினும் டிபரன்ஷியல் வலச்சக்கரத்துக்கும் பத்துப் பங்கே அளிக்கும். இரண்டும் கூட இருபது, வண்டி அசையாது. சேற்றுச் சக்கரம் வீணே சுழன்று குழியை ஆழமாக்கும். எஞ்சின் எத்துணை ஆற்றல் உடையதாயினும் பயனில்லை.

நான்கு சக்கரங்களும் இயங்கும் வண்டியாயிற்றே என்று சிலர் அமைதி கொள்வர். முன்னச்சில் ஒன்றும் பின்னச்சில் ஒன்றுமாகக் குறுக்குமூலைச் சக்கரங்கள் இரண்டு பள்ளத்தின்மேல் அந்தரத்தில் தொங்கின், நாற்சக்கர வண்டியும் நிற்கும். மலைவழியில் மழைநீர் அறுத்த ஓடைகளைக் குறுக்கே கடப்போர் இதனை நன்கு அறிவர். பூட்டு இவ்விடத்தே பயன்படுகின்றது. கூட்டோடு ஒரு பக்கத்துச் சன் கியரைப் பிணைத்துவிடின் ஸ்டார் பினியன்கள் புரளமாட்டா; அவை புரளாவெனின் மறுபக்கத்துச் சன் கியரும் கூட்டோடு ஒன்றிவிடும். அச்சு ஒரே தண்டு போலாகும். அப்பொழுது சேற்றுச் சக்கரம் பத்துப் பங்கே ஏற்பினும், பாறைச் சக்கரம் தொண்ணூறு பங்கையும் ஏற்கும், வண்டி ஏறும். ஆயின் அத்தொண்ணூறும் ஒரே ஆக்சில் தண்டின் வழியே செல்கின்றதென்பதை மறத்தலாகாது.

இவ்வறிவு புதிதன்று. ஆல்பர்ட் பிரீட்ரிக் என்பார் உழவுத்தொழிலின் பொருட்டு வகுத்து, 1948 ஆம் ஆண்டு ஜெர்மனியில் உருவாகத் தொடங்கிய யூனிமாக் வண்டியில் முன்னச்சிற்கும் பின்னச்சிற்கும் பூட்டுக்கள் இருந்தன. ஜீப் ராங்ளர் வண்டியின் ரூபிகன் வகை 2003 ஆம் ஆண்டு முதல் ஈரச்சிலும் பூட்டோடு விற்கப்படுகின்றது. நம் நாட்டில் போர்ஸ் கூர்க்கா வண்டி இரு பூட்டுக்களையும் உடையதாய் வந்தது; 2020 ஆம் ஆண்டின் மகிந்திரா தாரில் சில வகைகளுக்குப் பின்னச்சில் தானே பூட்டிக்கொள்ளும் அமைப்பும், 2024 இல் வந்த தார் ராக்ஸின் சில வகைகளுக்கு மின்பூட்டும் வாய்த்தன. இவை இல்லாத பழைய வண்டிகளை உடையார்க்கே, எதனைத் தெரிவது, எங்ஙனம் பொருத்துவது என்னும் வினாக்கள் எழுகின்றன.

எம் சிறிய தகப்பனார் தேயிலைத் தோட்டமொன்றில் பணிபுரிகின்றார். ஆடி மாதத்து மழையில், தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளிலிருந்து நோயுற்றாரையும் பேறுகாலத்துப் பெண்டிரையும் கீழே மருத்துவமனைக்குக் கொணரும் வண்டி அவர் பொறுப்பில் உள்ளது. பழைய வண்டி; ஈரச்சும் திறந்த டிபரன்ஷியல். சென்ற ஆண்டு அவர் எமக்கு வரைந்த கடிதத்தில், முன்னச்சிற்குப் பூட்டு வாங்குவதா பின்னச்சிற்கா, தானே பூட்டுவதா தாம் பூட்டுவதா என்று வினவியிருந்தார். சிற்றப்பா கேட்ட பின் 'அறியோம்' என்று விடையெழுத மனம் ஒப்பவில்லை. இக்கட்டுரையின் பெரும்பகுதி அவருக்கு யாம் வரைந்த விடையே.

பூட்டு வகைகளுள், உண்மையிற் பூட்டாதன சில 'பூட்டு' என்னும் பெயராற் கடைகளில் உலவுகின்றன. அவற்றை முதலில் விலக்குவோம். கிளட்ச் தகடுகளால் வழுக்கலைக் குறைக்கும் வகை ஒன்று. அது சாலைக்கு நன்று. நாளடைவில் தகடுகள் தேயும். மற்றொன்று, சாய்வுப் பற்களால் இயங்கும் டார்சன் வகை. வெர்னன் கிளீஸ்மன் என்பார்க்கு 1958 ஆம் ஆண்டு அமெரிக்காவில் உரிமை வழங்கப்பட்ட இவ்வமைப்பு, பிடிப்புக் குறைந்த சக்கரம் தாங்கும் விசையைச் சில மடங்காகப் பெருக்கி மற்றச் சக்கரத்துக்கு அளிக்கும். அழகிய கருவியே, ஆயின் சக்கரம் அந்தரத்தில் தொங்குமாயின் அது தாங்கும் விசை சூனியம், சூனியத்தை எவ்வெண்ணாற் பெருக்கினும் சூனியமே. இதனாலேயே, இவ்வகை டிபரன்ஷியல் பூண்ட அமெரிக்கப் படையின் ஹம்வி வண்டியைச் செலுத்துவோர்க்கு, தொங்கும் சக்கரத்துக்குப் போலித்தடை உண்டாக்கும் பொருட்டு, பிரேக்கை மெல்ல மிதித்துக்கொண்டே விசை கொடுக்கப் பயிற்றுவர். புதிய வண்டிகள் பலவற்றில் மின்னணுக் கருவி தானே அச்சக்கரத்தைப் பிரேக்கிட்டுப் பிடிக்கின்றது. சிறு தடைகளுக்கு அது போதும். நெடுஞ்சேற்றில் பிரேக் காய்ந்து கருவி ஓய்ந்துவிடுதலும் உண்டு.

இனி, மெய்யாகவே பூட்டுவன. அவை தாமே பூட்டுவன என்றும், ஓட்டுவார் விரும்பியபோது பூட்டுவன என்றும் இருதிறப்படும். தாமே பூட்டுவனவற்றுள் டெட்ராயிட் லாக்கர் பெயர்பெற்றது. விசை செல்லுங்கால் அது எஞ்ஞான்றும் பூட்டியே இருக்கும். வளைவில் மட்டும் வேகமாய் ஓடும் வெளிச்சக்கரத்தை விடுவிக்கும். வலிமை மிக்கது, குழாயும் கம்பியும் வேண்டா. ஆனால் திருப்பத்தில் திடீரென ஓசையெழுப்பி உதறும். ஈரம் படிந்த மலைச்சாலையில் ஓட்டுவார் எதிர்பாராத நொடியிற் பின்பக்கத்தை வழுக்கச் செய்யும். ஈட்டன் நிறுவனத்தின் பொறிவகைப் பூட்டோ, இரு சக்கரங்களின் சுழற்சி நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 சுற்று வேறுபட்ட பின்னரே பூட்டும். மணிக்குச் சுமார் 30 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்திற் பூட்டாது. சாலையிற் செல்வார்க்கு இது தொல்லையற்றது. குறை யாதெனில், சக்கரம் முன்னர் வழுக்கிச் சுழன்றாலன்றிப் பூட்டு விழாது என்பதே. பாறையோரத்தில் அங்குலம் அங்குலமாக ஏறுவார், சக்கரம் சுழன்றபின் வரும் திடீர்ப் பிடிப்பை விரும்பார். ஸ்டார் பினியன்களையும் சன் கியர்களையும் மட்டும் நீக்கி, பழைய கூட்டினுள்ளேயே அமைக்கும் சிறு பூட்டுக்களும் உள. அவற்றிற்குக் கிரவுனையும் பினியனையும் அளவிட்டுத் திருத்தும் வேலை இல்லை; செலவும் குறைவு. கூடு பழையதே ஆதலின் வலிமையும் பழையதே.

விரும்பியபோது பூட்டுவனவற்றைக் காற்றாலும் மின்சாரத்தாலும் கம்பியிழுப்பாலும் இயக்குவர். ஆஸ்திரேலியாவில் ராபர்ட்ஸ் என்பார் இயற்றிய காற்றுப்பூட்டை ஏ.ஆர்.பி. நிறுவனம் 1987 ஆம் ஆண்டு ஏற்று 'ஏர் லாக்கர்' எனப் பரப்பியது. சிறு கம்ப்ரசர் ஒன்று சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 85 முதல் 105 இராத்தல் வரை காற்றழுத்தம் தரும். அது பிஸ்டனைத் தள்ளிப் பூட்டுவளையத்தைப் பொருத்தும். காற்றை விடின் வில்கள் வளையத்தை விலக்கிவிடும். அதே கம்ப்ரசரால் மணலில் இறக்கிய டயர்க் காற்றை மீண்டும் நிரப்பிக்கொள்ளலாம் என்பது ஒரு பேறு. மின்பூட்டுக்குக் கம்ப்ரசரும் குழாயும் வேண்டா. எனினும் சிலவகை மின்பூட்டுக்கள், முன்சென்ற வண்டியைப் பின்னுக்குத் திருப்பும்பொழுது ஒரு கணம் கழன்று மீண்டும் பூட்டிக்கொள்ளும்.

இவற்றுள் சிற்றப்பாவுக்கு யாம் கூறியது, ஓட்டுவார் கையிலுள்ள பூட்டு, அதுவும் பின்னச்சில் மட்டும் என்பதே. காரணம் கூறுதும். மேட்டில் ஏறுங்கால் வண்டியின் எடை பின்னே சாய்கின்றது. பிடிப்பு மிகுதியும் அங்கேயே. பின் ஆக்சில் தண்டு நேரானது. முன்னச்சிலோ சக்கரம் திரும்புதற் பொருட்டு மூட்டுக்கள் உள்ளன. பூட்டிய நிலையிற் சக்கரத்தைத் திருப்பி விசை கொடுப்பின் அம்மூட்டுக்களே முதலில் முறியும். முன்னச்சைப் பூட்டினால் ஸ்டீரிங்கும் கனத்து வண்டி நேரே செல்லவே முற்படும். மலைச்சரிவில் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்ப மறுக்கும் வண்டியினும் கொடியது பிறிதில்லை. நோயாளியை ஏற்றிச் செல்லும் வண்டிக்கு இரு பூட்டும் இருத்தல் வலிமையே எனினும், ஒன்றுக்கே பொருளுடையார் பின்னதையே கொள்க. தானே பூட்டுவதை யாம் விலக்கியமைக்குக் காரணம், அவ்வண்டி பாதித்தொலைவு ஈரத் தார்ச்சாலையிற் செல்வது என்பதே. உழவுநிலத்திலன்றிப் பிறிதிடம் செல்லாத வண்டியாயின் எம் விடை வேறாயிருக்கும்.

வாங்குமுன் நாம் அறியவேண்டுவன சில. அச்சு இன்னதென்றும், அதன் பல்விகிதம் இன்னதென்றும், ஆக்சில் தண்டின் நுனியிலுள்ள ஸ்ப்ளைன் வரிகள் எத்தனையென்றும் நேரிற் கண்டு எண்ணுக. ஒரே பெயருடைய அச்சிற்கும் விகிதத்திற்கேற்பக் கூடு வேறுபடும். டேனா 44 என்னும் அச்சையே நோக்குக: 3.73 உம் அதற்குக் குறைந்த விகிதங்களும் ஒரு கூடு, 3.92 உம் அதற்கு மேற்பட்டனவும் மற்றொரு கூடு. வரியெண்ணிக்கை பொருந்தாத பூட்டு வந்திறங்கின் திருப்பியனுப்புவதன்றி வேறு வழியில்லை. வண்டியைக் கண்டாரும் விற்பனையாளரும் சொல்வதை நம்பாது, தண்டை உருவி எண்ணுதலே முறை. நம் நாட்டில் 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆம் பிரிவு வண்டியின் மாற்றங்களைப் பற்றியது ஆதலின், பதிவு அலுவலகத்திலும் காப்பீட்டாரிடத்தும் முன்னரே வினவிக்கொள்வதும் நன்று.

பொருத்துதல் கைவலிமையினும் அளவையையே வேண்டுவது. வண்டியை உயர்த்தி உறுதியான தாங்கிகளில் நிறுத்தி, எண்ணெயை வடித்து, ஆக்சில் தண்டுகளை உருவியபின், கூட்டைக் கழற்றுமுன்னரே கிரவுனுக்கும் பினியனுக்கும் இடையேயுள்ள 'பிளே'யை டயல் கேஜால் அளந்து குறித்துக்கொள்க. பலர் இதனைச் செய்வதில்லை. பழைய அளவு தெரியாதவர்க்குப் புதிய அளவு சரியா என்று ஒப்பிட யாதுளது? பேரிங் மூடிகள் இரண்டும் அவ்வவ்விடத்திலேயே கடையப்பட்டவை. இடம் மாற்றினாலும் தலைகீழாக்கினாலும் பொருந்தா. ஆதலின் உளியாற் புள்ளியிட்டு அடையாளம் செய்க. இருபக்கத்து ஷிம் தகடுகளையும் கலவாது தனித்தனியே வைக்க.

பின்னர்க் கிரவுன் சக்கரத்தைப் பழைய கூட்டினின்று கழற்றிப் புதிய பூட்டுக்கூட்டில் ஏற்றுதல் வேண்டும். சில வண்டிகளில் இப்போல்ட்டுக்கள் இடமரை உடையன; அஃதறியாது வலிந்து முறுக்கித் தலையை முறிப்பார் பலர். மரைகளைத் துடைத்து, கழலாமை காக்கும் பசையிட்டு, எதிரெதிராகப் படிப்படியே டார்க் ஸ்பானரால் முடுக்குக. சுத்தியலால் அடித்து ஏற்றுவாரை அருகே விடற்க.

புதிய கூட்டை ஷிம்மோடு அமைத்தபின் மீண்டும் பிளேயை அளக்க. பல அச்சுக்களுக்கு அஃது 0.15 முதல் 0.25 மில்லிமீட்டருக்குள் இருத்தல் வேண்டும். அவ்வண்டியின் கையேடு கூறும் அளவே இறுதி. மிகுதியாயின் கிரவுனைப் பினியன் பக்கம் நகர்த்துமாறு ஷிம்மை ஒரு பக்கத்தினின்று எடுத்து மறுபக்கம் சேர்க்க. குறைவாயின் அதன் மறுதலை. மொத்தக் கனம் மாறாதிருப்பின் பேரிங் இறுக்கம் மாறாது. இந்நுட்பம் உணராதார் ஒரு பக்கம் மட்டும் ஷிம் சேர்த்துப் பேரிங்கைப் பிழிந்துவிடுவர். பின்பு பற்களிற் சாயம் பூசிச் சுழற்றி, பினியன் பதிந்த அடையாளம் பல்லின் நடுவே அமைகின்றதா என்று காண்க. நுனியிலோ அடியிலோ கடையிலோ ஒதுங்கின் அமைப்பிற் பிழையுண்டு. பினியனை நாம் தொடவில்லை யாதலின் அதன் ஆழம் பெரும்பாலும் மாறாது. இது புதுப் பற்சக்கரம் இடுவார்க்கில்லாத எளிமை. இவ்விரண்டு அளவுகளிலும் பொறுமையிழந்த வேலையே, சில நாளில் ஊளையிடும் அச்சாகவும் சில மாதத்தில் உதிரும் பல்லாகவும் வெளிப்படுகின்றது.

காற்றுப்பூட்டாயின் அச்சுப்பெட்டியில் ஒரு துளையிட்டு மரைவெட்டிக் குழாயை உட்செலுத்தல் வேண்டும். துளையிட்ட இரும்புத்தூளில் ஒரு துகளும் உள்ளே தங்கலாகாது. வெளிக்குழாய் புகைப்போக்கியைத் தீண்டாமலும், அச்சு முழுதும் கீழிறங்கும்போது இழுபடாமலும் செல்க. மின்கம்பிக்கு பியூஸ் இன்றியமையாதது. விசையைத் திறந்து, மூட்டுத்தோறும் சோப்புநீர் தடவிக் காற்றுக் கசிவைக் காண்க. சிறு கசிவும் காட்டுவழியிற் பூட்டைக் கைவிடச் செய்யும். சறுக்கலைத் தடுக்கும் மின்னணுக் கருவியுள்ள புதிய வண்டிகளில், பூட்டியபோது அக்கருவி எங்ஙனம் நடந்துகொள்ளும் என்பதையும் கேட்டறிக.

சோதனை எளிது. கியரில் நிறுத்திப் பின்சக்கரம் இரண்டையும் தரையினின்று உயர்த்தி, ஒன்றைக் கையாற் சுழற்றுக. பூட்டு திறந்திருப்பின் மற்றது எதிர்த்திசையிற் சுழலும். பூட்டினால் இரண்டும் ஒன்றுபட்டு, கையால் அசைக்கவும் இயலாது நிற்கும். மீண்டும் திறந்து பார்க்க. பூட்டாமை வண்டியை நிறுத்தும்; திறவாமை வண்டியைக் கவிழ்க்கும். ஆதலின் திறப்பதையே பன்முறை சோதித்தல் நன்று.

செலுத்துவார்க்கு ஒரு சொல். சக்கரம் சேற்றிற் சுழன்றுகொண்டிருக்கையிற் பூட்டை இடற்க. அவ்வடியிற் பூட்டின் பற்கள் நொறுங்கும். இடர் வருமிடத்தை முன்னரே கண்டு, நின்றோ மெல்லச் சென்றோ பூட்டுக, கடந்தவுடன் திறக்க. பூட்டிய வண்டி விசையின்றி மெல்ல ஏறும். வழியையும் அத்துணைக் கிழிக்காது. திறந்த டிபரன்ஷியலால் வேகங்கொண்டு பாய்ந்தேறிய வண்டிகள் அறுத்த தடங்களே அடுத்த மழையில் ஓடைகளாகின்றன என்று தோட்டத்தார் கூறுவர். பக்கச்சரிவிற் குறுக்கே செல்லுங்கால் மட்டும் மிக்க விழிப்பு வேண்டும். திறந்த அச்சில் ஒரு சக்கரம் வழுக்கினும் மற்றது பக்கவாட்டில் தரையைப் பற்றி நிற்கும். பூட்டிய அச்சில் இரண்டும் ஒருங்கே வழுக்கி, வண்டியின் பின்புறம் பள்ளத்தை நோக்கிச் சரியும். ஈரக் களிமண்ணில் இது கண்ணிமைப்பில் நிகழும். அவ்விடத்தே பூட்டைத் திறந்து செல்வதோ, வேறு வழி தேடுவதோ, வண்டியை விட்டிறங்கி நோயாளியைத் தூக்கிச் செல்வதோ தக்கது.

பூட்டிய அச்சில் ஒரு தண்டே பெரும்பாலான விசையைத் தாங்கும் என்றோம். ஆதலின் தொலைவழி செல்வார் மாற்று ஆக்சில் தண்டொன்றை உடன்கொள்ளல் வேண்டும். உப்பு வணிகர் பள்ளமும் மேடும் நிறைந்த வழியில் தம் வண்டியின் கீழே சேமவச்சுக் கட்டிச் சென்றதை ஔவையார் புறநானூற்றிற் குறித்திருத்தலை நம் வகுப்பினர் அறிவர். இக்காலத்து வண்டியில் அத்தண்டை எண்ணெய் தடவிய துணியிற் சுற்றிப் பின்னிருக்கையின் அடியிற் கிடத்திக் கட்டலாம். அதனைக் கழற்றி மாட்டுதற்குரிய ஸ்பானரும் எண்ணெய்ச் சீலும் அதனுடனே இருத்தல் வேண்டும்.